நின்றால்தான் பிழைக்கும்

பைபாஸ் ஆபரேஷன் பற்றி நம் வயதுக்காரர்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு நான்கு விஷயங்களைத் தாண்டாது. யார் டாக்டர், எத்தனை அடைப்பு, எவ்வளவு ஆயிற்று, காப்பீட்டில் எவ்வளவு வந்தது. பூங்கா பெஞ்சில் தினமும் காலையில் இந்த நான்கையும் கேட்கலாம். ஐந்தாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. குழாய் தைக்கும் அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் இருதயத்தை நிறுத்தி வைக்கிறார்களே, அந்த நேரத்தில் அதற்கு ரத்தம் ஏது? ரத்தம் இல்லாமல் அது கெட்டுப் போகாமல் எப்படி இருக்கிறது?

வேலையற்ற கேள்வி என்று நினைக்க வேண்டாம். இதற்குப் பதில் கிடைக்காததால் எங்கள் தெருவில் ஒருவர் நிறையவே இழந்திருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுபது வயது, சர்க்கரை உண்டு. ஆஞ்சியோகிராமில் இடது பக்கத்துப் பெரிய தமனியின் ஆரம்பத்திலேயே அடைப்பு. தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். இவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "நிறுத்தின இருதயம் திரும்ப ஓடும்னு என்ன நிச்சயம்?" டாக்டர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்றார். பையனிடம் ஒரு ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து கேட்டார்கள். ஆசிரியர் எழுந்து வந்துவிட்டார். பிறகு 'ஆபரேஷன் இல்லாமல் அடைப்பைக் கரைக்கிறோம்' என்று போர்டு வைத்த ஒரு இடத்தில் வாராவாரம் கையில் ட்ரிப் ஏற்றிக்கொண்டார். ஐந்தாவது மாதம் மாரடைப்பு. உயிர் பிழைத்தது. பிறகு பைபாஸும் நடந்தது, ஆனால் பாதி பலம் போன இருதயத்தின் மேல் நடந்தது. இன்று அவர் கோயிலுக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து போகிறார்.

அவருடைய பயத்தை நான் மூடத்தனம் என்று சொல்ல மாட்டேன். கேட்டது நியாயமான கேள்வி. பத்து நிமிடம் ஒதுக்கித் தமிழில் யாராவது பதில் சொல்லியிருந்தால் போதும். சொல்வதற்குப் பதில் இல்லாமல் இல்லை. எழுபது வருடமாக உலகத்துப் பெரிய பெரிய மூளைகள் உட்கார்ந்து யோசித்த பதில் அது. நான் மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருடம் இருந்தவன், டாக்டர் இல்லை. ஆனால் ஓடும் லைனை நிறுத்தி வேலை செய்து மறுபடி சார்ஜ் பண்ணுவது என்னுடைய தொழில். அதனால் இந்த விஷயம் என்னை இழுத்தது. படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இருதயம் சுமார் 300 கிராம் எடையுள்ள தசை. உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்பும் இது தனக்கென்று எடுத்துக்கொள்வது அதில் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் அந்த ரத்தத்திலிருந்து பிராணவாயுவைக் கிட்டத்தட்ட முக்கால் பங்கு உறிஞ்சிவிடும். மற்ற உறுப்புகள் இப்படிச் செய்வதில்லை. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே முக்கால் பங்கு போய்விடுவதால், இருதயத்துக்குக் கையிருப்பு என்று எதுவும் கிடையாது. அன்றாடம் காய்ச்சி. ரத்தம் நின்றால் சில விநாடிகளிலேயே துடிப்பின் பலம் குறையும். சுமார் இருபது நிமிடத்தில் தசைச் செல்கள் மீள முடியாதபடி சாகத் தொடங்கும்.

ஆபரேஷனுக்கோ ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். காலிலிருந்து எடுக்கும் குழாய் (நம் ஜனங்கள் நரம்பு என்பார்கள், அது நரம்பு அல்ல, சிரை), மார்புக்குள்ளிருந்து எடுக்கும் தமனி, இவற்றை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள தமனியில் தலைமுடியை விட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். மகாதமனியில் கிடுக்கி போட்டு ரத்தத்தை நிறுத்தினால் இடம் காய்ந்து கிடக்கும், அசையாமல் இருக்கும், தைக்கலாம். ஆனால் கிடுக்கி போட்ட கணமே கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. இருபது நிமிடத்தை எண்பது, தொண்ணூறு நிமிடமாக எப்படி நீட்டுவது? மொத்த விஷயமும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

பதிலின் முதல் பகுதி கணக்கு. துடித்து வேலை செய்துகொண்டிருக்கும் இருதயத் தசை 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 8 முதல் 10 மில்லி பிராணவாயு தின்னும். ரத்தத்தை வேறு வழியில் திருப்பிவிட்டு, உள்ளே காலியாக, ஆனால் துடித்தபடி விட்டால் இது ஏறக்குறைய பாதியாகும். துடிப்பையே நிறுத்திவிட்டால் சுமார் 1 மில்லி. நிறுத்தி, 22 டிகிரிக்குக் குளிர வைத்தால் 0.3 மில்லி. நிறுத்துவதில் மட்டுமே செலவில் பத்தில் ஒன்பது பங்கு மிச்சம். அதனால் ஆசிரியரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்: இருதயத்தை நிறுத்துவது அதற்குச் செய்யும் கொடுமை அல்ல. ரத்தம் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் அதைக் காப்பாற்றுவதே அந்த நிறுத்தம்தான். ரத்தம் இல்லாமல் துடிக்க விட்டால்தான் அது செத்துப் போகும்.

எதைக் கொண்டு நிறுத்துகிறார்கள் என்பது நம் வயதுக்காரர்களுக்குப் பழக்கமான பொருள்தான். பொட்டாசியம். கிட்னி கெட்டவர்களை இளநீர் குடிக்காதே, வாழைப்பழம் சாப்பிடாதே என்று டாக்டர் திட்டுவது எதற்கு? பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இருதயம் நின்றுவிடும் என்பதற்குத்தான். நமக்கு ரத்தத்தில் அது சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்கும். ஆபரேஷனில் இருதயத் தமனிகளுக்குள் மட்டும் 16, 20 என்ற அளவில் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்துகிறார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் இருதயம் தளர்ந்து நின்றுவிடும். இ.சி.ஜி. கோடு நேராகிவிடும். கார்டியோப்ளீஜியா என்று இதற்குப் பெயர். வேலை முடிந்து கிடுக்கியை எடுத்து நல்ல ரத்தம் ஓடினால் பொட்டாசியம் கழுவிக்கொண்டு போய்விடும், இருதயம் தானே துடிக்க ஆரம்பிக்கும். சில சமயம் சின்ன ஷாக் ஒன்று கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் கிட்னிக்காரர் விலக்கும் அதே சரக்கு இங்கே மருந்து.

இதைக் கண்டுபிடித்த கதை நேர்க்கோட்டில் போகவில்லை. அதனாலேயே எனக்கு அதில் ருசி.

1950ஐ ஒட்டிக் கனடாவில் டொரண்டோவில் வில்ஃப்ரெட் பிகலோ என்ற சர்ஜன் குளிரைப் பிடித்தார். உடம்பைக் குளிர வைத்தால் அதன் பசி குறையும் என்று நாய்களில் காட்டினார். பனிக்காலம் முழுக்க வளைக்குள் தூங்கும் கிரவுண்ட்ஹாக் என்ற அணில் இனத்துப் பிராணியைப் பிடித்து வைத்து, அது எப்படிப் பிழைக்கிறது என்று வருடக்கணக்காக ஆராய்ந்தார். 1953 மே மாதம் 6ம் தேதி அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், தான் இருபது வருடம் பாடுபட்டு உருவாக்கிய ஹார்ட்-லங் மெஷினை வைத்து ஒரு பெண்ணுக்கு வெற்றிகரமாக ஆபரேஷன் செய்தார். இரண்டு வருடத்தில், 1955ல், லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து இருதயத்தை நிறுத்திக் காட்டினார். எல்லோரும் கொண்டாடினார்கள், நிறைய இடத்தில் பின்பற்றினார்கள். கொஞ்ச நாளில் தெரிந்தது, அந்த மருந்தே தசையைச் சிதைக்கிறது என்று. அளவு மிக அதிகம். எண்ணம் சரி, அளவு தப்பு. ஆனால் பழி பொட்டாசியத்தின் மேல் விழுந்தது. அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு வருடம் அதை யாரும் தொடத் துணியவில்லை.

அந்த இடைப்பட்ட காலத்தில் சர்ஜன்கள் ஐஸ் போட்ட உப்புநீரை நெஞ்சுக்குள் ஊற்றியும், வேகமாகத் தைத்தும், விட்டுவிட்டுக் கிடுக்கி போட்டும் சமாளித்தார்கள். 1972ல் டெக்சஸில் டென்டன் கூலியும் அவர் குழுவினரும் ஒரு பயங்கரத்தைப் பற்றி எழுதினார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்திருக்கும், தையல் சுத்தமாக இருக்கும், ஆனால் இருதயம் இறுகிக் கருங்கல் போலாகி, திரும்பத் துடிக்காது. அதற்கு 'ஸ்டோன் ஹார்ட்' என்றே பெயர் வைத்தார்கள். கல்நெஞ்சம் என்று நாம் திட்டுவதை அவர்கள் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். தையல் கலை மட்டும் போதாது, தைக்கும் நேரத்தில் தசையைக் காப்பதும் ஒரு தனிக் கலை என்று இந்தத் துறைக்கு உறைத்தது அப்போதுதான்.

அதன் பிறகு வேகம் பிடித்தது. 1973ல் அமெரிக்காவிலேயே கே, ஈபர்ட் என்ற இருவர் பொட்டாசியத்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் கேடு இல்லை என்று காட்டினார்கள். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் டேவிட் ஹியர்ஸ் எலி இருதயங்களை வைத்து ஒவ்வொரு உப்பாக அளந்து ஒரு திரவத்தை வடித்தார். 1975ல் அங்கே நோயாளிகளுக்கு அதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். பொட்டாசியம் 16, மக்னீசியம் 16. ஜெர்மனியில் பிரெட்ஷ்னைடர் வேறு வழியில் போய், சோடியத்தைக் குறைத்து ஒரு திரவம் செய்தார். 1970களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் ஜெரால்ட் பக்பெர்க், வெறும் உப்புநீர் எதற்கு, நோயாளியின் ரத்தத்திலேயே பொட்டாசியத்தைக் கலந்து கொடுத்தால் நிற்கவும் நிற்கும், உணவும் கிடைக்குமே என்றார். மேலே நான் கொடுத்த பிராணவாயுக் கணக்கும் அவர் வழி வந்ததுதான். இன்று உலகம் பூராவும் ரத்தம் கலந்த திரவம் பெருவழக்கு. 1990களில் பெத்ரோ டெல் நிடோ குழந்தைகளுக்காக உருவாக்கிய கலவையில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயினும் சேரும். மற்றவற்றை இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பக் கொடுக்க வேண்டும். இது ஒரு தடவை கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இப்போது பெரியவர்களுக்கும் இதைப் பல இடங்களில் கொடுக்கிறார்கள்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. திரவம் போக வேண்டியதும் இருதயத் தமனி வழியாகத்தான். தமனியில்தான் அடைப்பு இருக்கிறதே! எந்தப் பகுதிக்கு ரத்தம் சரியாகப் போகவில்லையோ, அந்தப் பகுதிக்கே காப்பு மருந்தும் சரியாகப் போகாது. வாய்க்காலின் தலைமடையில் உடைப்பு, கடைமடைக்கு எப்படித் தண்ணீர்? அதற்காக இருதயத்தின் பின்னால் அழுக்கு ரத்தம் வடியும் சிரை வழியாக எதிர்த்திசையில் திரவத்தை ஏற்றுகிறார்கள். கடைமடையிலிருந்து மேலே பாய்ச்சுவது போல. அந்த வழியில் வலது பக்கத்துக்குப் போதுமான அளவு போகாது என்பதால் இரண்டு வழியையும் சேர்த்துப் பயன்படுத்துவார்கள். முதலில் தைத்து முடித்த புதுக் குழாய் வழியாகவே திரவத்தை விடுவதும் உண்டு. ஆசிரியருக்கு இருந்தது போல இடது பெரிய தமனியிலேயே அடைப்பு என்றால் இந்த யோசனையெல்லாம் இன்னும் முக்கியம்.

அடுத்து, திரும்ப ஓட விடுவது. என்னைப் போன்ற ஈ.பி. ஆட்களுக்கு இது சொல்லாமலே புரியும். கரண்ட் போகும்போது மோட்டார் கருகாது. திரும்ப வரும்போதுதான் கருகும். அதனால்தான் கரண்ட் போனதும் ஓடிப் போய் ஸ்விட்ச்சை அணைக்கிறோம். லைன் வேலை முடிந்து சார்ஜ் பண்ணும்போது எடுத்த எடுப்பில் முழு லோடையும் தூக்கிப் போட மாட்டோம். இருதயத்திலும் அதே. பட்டினி கிடந்த தசைக்குள் ரத்தம் திடீரென்று பாயும்போது செல்லுக்குள் கால்சியம் கட்டுக்கடங்காமல் புகும், பிராணவாயுவிலிருந்தே கெட்ட ரசாயனங்கள் உண்டாகும். பட்டினியில் சாகாத செல் பந்தியில் செத்துப்போகும். ரீபெர்ஃப்யூஷன் இஞ்சுரி என்கிறார்கள். இதற்காகத்தான் கிடுக்கியை எடுக்கும் முன் வெதுவெதுப்பான ரத்தத்தை மெதுவாக ஓட விடுவது, உள்ளே ரத்தம் நிரம்பாமல் காலியாகச் சிறிது நேரம் துடிக்க விடுவது என்று பல வழக்கங்கள்.

இவ்வளவு செய்தும் கொஞ்சம் அடி படத்தான் செய்யும். பைபாஸ் முடிந்த எல்லோருக்குமே ரத்தத்தில் ட்ரோபோனின் ஏறும். மறுநாள் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 'மாரடைப்பு வந்துவிட்டதாம்' என்று அமெரிக்காவிலிருக்கும் பெண்ணுக்குப் போன் போட வேண்டாம். வழக்கமான வரம்பைப் போல் பத்து மடங்குக்கு மேல் ஏறி, கூடவே இ.சி.ஜி.யிலோ எக்கோவிலோ புதிய மாறுதலும் இருந்தால்தான் அதை ஆபரேஷனோடு வந்த மாரடைப்பு என்று கணக்கில் எடுக்கிறார்கள். சாகாமல், ஆனால் மயங்கிக் கிடக்கும் தசையும் உண்டு. ஓரிரு நாளில் தெளிந்துவிடும். ஐ.சி.யூ.வில் இரண்டு நாள் மருந்து ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அது தெளியும் வரை கைகொடுக்கத்தான்.

இனி நான் சண்டைக்கு வரும் இடம்.

வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு செய்தி: ஆபரேஷனுக்கு முன் கையில் பி.பி. பார்க்கும் பட்டையை இறுக்கி இறுக்கித் தளர்த்தினால் இருதயம் காக்கப்படும், டாக்டர்கள் இதை மறைக்கிறார்கள். மறைக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. இதன் பின்னால் அழகான ஆராய்ச்சி இருக்கிறது. 1986ல் அமெரிக்காவில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் நாய்களின் இருதயத் தமனியை ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, பிறகு நாற்பது நிமிடம் அடைத்தார்கள். முன்பயிற்சி பெற்ற இருதயத்தில் சேதம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. சிறு பட்டினி பெரும் பட்டினிக்குத் தயார் செய்கிறது. பிறகு, பட்டினியை இருதயத்துக்கே கொடுக்க வேண்டியதில்லை, கைக்குக் கொடுத்தாலும் போதும் என்று தோன்றியது. 2007ல் லண்டனில் 57 பைபாஸ் நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். ட்ரோபோனின் 43 சதவீதம் குறைந்தது. காசு செலவில்லாத வைத்தியம்! யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் ட்ரோபோனின் குறைவது வேறு, மனிதர் பிழைப்பது வேறு. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் தனித்தனியாக, சேர்த்துச் சுமார் 3,000 பேரை வைத்துப் பெரிய சோதனைகள் நடத்தினார்கள். 2015ல் இரண்டும் வெளிவந்தன. பட்டை கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ வித்தியாசமே இல்லை. மயக்க மருந்தான ப்ரோப்போஃபால்தான் பலனை அழித்துவிட்டது என்று சிலர் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். வருடக்கணக்கில் நம்பியதைத் தாங்களே சோதித்து, பலிக்கவில்லை என்று தாங்களே அச்சில் போட்டார்களே, அந்த நேர்மையை நான் கும்பிடுகிறேன். அடைப்பைக் கரைக்கிறேன் என்று போர்டு வைத்தவர்களிடம் இப்படி ஒரு பேப்பர் கேட்டுப் பாருங்கள். காரிபோரைட் என்ற மருந்தின் கதை இதையும் மிஞ்சும். பைபாஸ் நோயாளிகளுக்கு மாரடைப்பை உண்மையாகவே குறைத்தது. ஆனால் பக்கவாதத்தை அதிகமாக்கி மரணத்தைக் கூட்டியது. கைவிட்டார்கள். இருதயத்தை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை, அது யார் நெஞ்சில் இருக்கிறதோ அவர் வீடு திரும்ப வேண்டும்.

அடுத்தது 'பீட்டிங் ஹார்ட்' விளம்பரம். இருதயத்தை நிறுத்தாமலே பைபாஸ், நவீன முறை, பயமில்லை. இந்தியாவில் இந்த வகை ஏராளமாக நடக்கிறது. இதில் கைதேர்ந்த சர்ஜன்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. நவீனம் என்பதில்தான் மறுப்பு. லெனின்கிராடில் கோலசவ் என்ற ரஷ்ய சர்ஜன் 1964லேயே துடிக்கும் இருதயத்தில் மார்புத் தமனியைத் தைத்தவர். க்ளீவ்லண்டில் ஃபவலோரோ காலின் சிரையை வைத்து இந்த ஆபரேஷனை உலகத்துக்குப் பரப்பியதற்கு மூன்று வருடம் முந்தியது அது. சரி, எது நல்லது? இந்தியா உட்பட 19 நாடுகளில் 4,752 பேரை வைத்து ஒரு சோதனை. ஐந்து வருடக் கடைசியில் இரண்டு முறைக்கும் வித்தியாசமில்லை என்று 2016ல் சொன்னார்கள். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் 2,203 பேரை வைத்து நடந்த இன்னொன்றில், ஐந்து வருடத்தில் நிறுத்தாமல் செய்தவர்களில் 15.2 சதவீதம் பேரும் நிறுத்திச் செய்தவர்களில் 11.9 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். மகாதமனி சுண்ணாம்பாகிக் கெட்டியாகிப் போனவர்களுக்கு, கிடுக்கி போட்டால் துகள் உடைந்து மூளைக்குப் போகும் அபாயம் இருப்பதால், நிறுத்தாத முறைதான் ஏற்றது என்று பல சர்ஜன்கள் சொல்கிறார்கள். அது டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. 'நிறுத்துவாங்களாமே' என்ற நம் பயத்தைக் காசாக்கும் விளம்பரம் முடிவு செய்யக் கூடாது. உங்கள் சர்ஜன் எந்த முறையைத் தினமும் செய்கிறாரோ அதுவே உங்களுக்கு நல்ல முறை.

ஆபரேஷன் தியேட்டரில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெர்ஃப்யூஷனிஸ்ட். நம் உயிரை அந்த நேரத்தில் ஓட்டுபவர் அவர்தான். ரத்தத்தின் ஓட்டம், சூடு, பொட்டாசியம், அடுத்த டோஸுக்கு எத்தனை நிமிடம் என்று கத்திச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் சப்ஸ்டேஷன் ஆபரேட்டர் மாதிரி. எல்லாம் சரியாக நடந்தால் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இதற்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று சர்ஜனுக்குச் சால்வை போர்த்துகிறோம். அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமையும் உண்டு. இந்தியாவின் முதல் பைபாஸ் 1975ல் டாக்டர் கே.எம். செரியன் கையால் நடந்தது சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். லண்டனில் அந்தத் திரவம் நோயாளிகளுக்கு வந்த அதே வருடம். அங்கே ஆரம்பித்தது இன்று முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு போகும் ஏழைக்கும் கிடைக்கிறது. இந்த அளவுக்கு வளர்ந்த ஊரில், நோயாளி கையெழுத்துப் போடும் தாள் ஏன் இன்னும் அவருக்குப் புரியாத பாஷையில் இருக்கிறது? இதுதான் என் வாதம். தமிழில் இரண்டு பக்கம் போதும். இருதயத்தை எதற்காக நிறுத்துகிறோம், எப்படிக் காக்கிறோம், எப்படித் திரும்ப ஓட்டுகிறோம், எங்கே தவறலாம். கூடவே பத்து நிமிடம் உட்கார்ந்து பேச ஒரு ஆள். பில்லில் எத்தனையோ வரி போடுகிறார்கள், இதையும் ஒரு வரியாகப் போட்டுக்கொள்ளட்டும்.

தியேட்டருக்குள் நடப்பது நம் கையில் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு வாரம் நம் கையில் இருக்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, ரத்தசோகை இருந்தால் முன்கூட்டியே கண்டுபிடித்துச் சரி செய்வது, பீடி சிகரெட்டை அன்றே விடுவது, மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் அந்த மூன்று பந்து டப்பாவில் ஆபரேஷனுக்கு முன்பே மூச்சை உள்ளே இழுத்துப் பழகுவது. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளில் சிலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும், சிலவற்றை நிறுத்தவே கூடாது. எது எது என்று டாக்டர் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கூடாது. அவசரமில்லாமல், திட்டமிட்டு, நல்ல இடத்தில் செய்யும் பைபாஸில் மரண அபாயம் நூற்றுக்கு ஒன்று, இரண்டு. மாரடைப்பு வந்து பலம் குறைந்த பிறகு செய்தால் அது பல மடங்கு. எந்தத் திரவமும் ஈடுகட்ட முடியாத இழப்பு, வீட்டில் தள்ளிப்போட்ட மாதங்களில் ஏற்படும் இழப்புதான்.

ஆபரேஷன் முடிந்து வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: எத்தனை கிராஃப்ட், எந்தெந்தத் தமனிக்கு, கிடுக்கி போட்டிருந்த நேரம் எத்தனை நிமிடம், வீட்டுக்கு அனுப்பும் முன் எடுத்த எக்கோவில் பம்பிங் எத்தனை சதவீதம். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். ஒரு ஜெராக்ஸ் எடுத்து மாத்திரை டப்பாவோடு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு ஊரில், வேறு டாக்டர் முன்னால் உட்காரும்போது அவர் முதலில் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான்.